சந்தை வழியும் நோயின் வழியும்



'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கொங்கு நாட்டில் அப்பொருளைக் கண்ணாரக் காணலாம். கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாச் சந்தையிலும் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையிலும் காங்கேயம் காளைகள் உழவுக்கும் வண்டிக்கும் விலைபோயின. உழைத்து ஓய்ந்த மாடுகளோ பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்துக்கு இறைச்சிக்காகச் சென்றன, இன்றும் செல்கின்றன. ஆனால் வாணிகம் செல்லும் வழியெல்லாம் நோயும் செல்லும். இதனை நான் நூலில் கற்பதற்கு முன்பே வீட்டில் கற்றேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் காளைகளுள் ஒன்று கோமாரியால் தாக்குண்டது. வாயில் நுரை, குளம்பில் புண். தரகர் ஒருவர் வந்து, "நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள சந்தைக்கு ஓட்டீருங்க. கறிக்குப் போற மாட்டுக்கு நோவு இருந்தா என்னங்க?" என்றார். என் தந்தையார், "நோவை விக்கறது பாவமுங்க" என்று கூறி மறுத்துவிட்டார். காளை பிழைத்தது. ஆனால் வெயிலில் ஏர் இழுக்க இயலாமல் இளைத்தது. அவ்வாண்டு இரவல் மாடு கொண்டே உழுதோம். வேறொரு வீட்டார் தம் மாட்டை விற்றனர். சில வாரங்களில் அண்டை ஊர்களிலும் நோய் கண்டது.

உலக வரலாறும் இதனையே கூறுகின்றது. கோமாரியினும் கொடியது வெக்கை நோய். 1865-இல் கப்பலில் வந்த மாடுகளோடு அஃது இங்கிலாந்தில் புகுந்தது. லண்டன் மாட்டுச் சந்தை வாயிலாக நாடெங்கும் பரவியது. அதன்பின் அயல்நாட்டு மாடுகளைத் துறைமுகத்திலேயே வெட்டி, இறைச்சியாக மட்டும் உள்ளே விடும் முறை வலுப்பெற்றது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் இடையில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு வெக்கை அங்கும் இறங்கியது. அவ்வச்சத்தின் விளைவாகவே 1924-இல் 28 நாடுகள் கூடி, விலங்கு நோய்களுக்கான பன்னாட்டு அலுவலகத்தைப் பாரிசில் நிறுவின. எந்த நாட்டில் நோய் கண்டாலும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி.

நம் நாட்டில் 1889-இல் பூனாவில் தோன்றி, 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாறிய ஆய்வுக்கூடம் வெக்கையை ஆராய்ந்தது. 1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகத் தடுப்பூசி இடப்பட்டது. 1995-க்குப் பின் இந்தியாவில் வெக்கை காணப்படவில்லை. 2011-இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாம் நோய் இதுவே. வெக்கை நீங்கியதால் நம் எருமை இறைச்சிக்கு அயல்நாட்டுச் சந்தைகள் விரிந்தன. எனினும் கோமாரி இன்னும் எஞ்சியிருப்பதால் சில நாடுகள் கதவைத் திறக்கவில்லை. அதனை ஒடுக்கவே 2019-இல் புதிய தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றது.

மாணவர்களே! தடுப்பூசி அறிஞரின் கொடை. நோயை மறைக்காமை உழவரின் கொடை. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் சந்தை நிலைக்காது. அன்று என் தந்தையார் இழந்தது ஒரு காளையின் விலை. அவர் காத்தது முன்பின் அறியாத ஒருவரின் தொழுவம்.