துரைமார் சங்கம் பிறந்த கதை

1854 பிப்ரவரி 17 அன்று கண்டியில் கோப்பித் தோட்டத் துரைமார் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் அப்படித்தான் பிறந்தது. சந்தையில் அவர்கள் போட்டியாளர்கள். ஆனால் கோப்பி மூட்டை மலையிலிருந்து இறங்கவும் அரிசி மூட்டை மேலே ஏறவும் ஒழுங்கான ரோடு இல்லை, ரயில் இல்லை, பழம் பறிக்கும் காலத்தில் ஆள் போதவில்லை. தனித்தனியே மனுப் போட்டு நடக்காத காரியம் சங்கமாகப் போனால் நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

நடந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதில் ஊராரும் ஏறினார்கள். அந்த நன்மையை மறுக்க முடியாது.

ஆள் விஷயம் வேறு. திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாகத் தலையில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடன், அடைத்துவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. புதிய துரை அடைத்த கடன் அங்கே மறுபடி அதே தலைகளில் ஏறும். 1901 முதல், போகும் தோட்டத்தைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லையும் கழுத்தில் தொங்கியது. மனிதரைச் சரக்குப்போல அனுப்பிய இந்த ஏற்பாட்டை நிர்வாக வசதி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஒருவர் ஆளை இன்னொருவர் கூடுதல் முன்பணம் காட்டி இழுத்தபோது துரைமாருக்கே கையைக் கடித்தது. 1904இல் திருச்சியில் ஆள் சேர்க்கும் பொது அலுவலகம் திறந்தார்கள். அங்கே குறைக்கப் பார்த்தது துரைமாரின் செலவை; தொழிலாளியின் கடனை அல்ல. சங்கம் சந்தா கட்டியவருக்குத்தான் உழைக்கும். கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண் அதன் உறுப்பினர் அல்ல. அவளுடைய நாட்கூலி கூடாதிருப்பதே உறுப்பினர் எல்லாருக்கும் லாபம்.

1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அப்போதும் குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரிபோல உள்ளே போய்த்தான் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கியது 1931இல், துரைமார் சங்கம் பிறந்து 77 ஆண்டுகள் கழித்து.