முட்டைக்குள் ஓடும் சுண்ணாம்பு அலை

கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் உதவிய அந்தச் சுண்ணாம்பில் உள்ள கால்சியம்தான் கருமுட்டையையும் எழுப்பிவிடுகிறது. இதைக் கண்டறிய ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று.

1899இல் அமெரிக்காவில் ஜாக் லோப், கடல் முள்ளெலியின் முட்டைகளை உப்புக் கரைசலில் வைத்து, விந்து இல்லாமலே வளரச் செய்தார். 1910இல் பிரான்சின் திஜோன் நகரப் பேராசிரியர் எழேன் பத்தாயோன், தவளை முட்டையை மெல்லிய ஊசியால் குத்தினார். சில முட்டைகள் தலைப்பிரட்டைகளாயின! ஊசியோடு சிறிது இரத்தமும் உள்ளே போனால்தான் கரு முழுதாக வளரும் என்பதும் பிறகு தெரிந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தப் பெயர் மறக்கப்படுவதில் வருத்தம் உண்டு.

குத்தியதும் முட்டைக்குள் என்ன நடந்தது? விடை ஒரு ஜெல்லி மீனிடம் இருந்தது. (நம் கடற்கரையில் இதைச் சொறி என்பார்கள்.) 1960களின் தொடக்கத்தில் ஒசாமு ஷிமோமுரா அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். கால்சியம் பட்டால் அது ஒளிரும். 1977இல் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃப் மூவரும் அதை மெடாக்கா மீனின் முட்டையில் செலுத்தினார்கள். விந்து நுழைந்ததும் கால்சியம் பெருகி ஒளி எழுந்தது. அது நுழைந்த இடத்தில் தொடங்கி மறுமுனை வரை அலையாக ஓடுகிறது என்பதை அடுத்து கண்டார்கள்.

முட்டைக்குள் சிறு அறைகளில் கால்சியம் அடைபட்டிருக்கிறது. விந்து கொண்டுவரும் ஒரு புரதம், அந்த அறைகளின் கதவைத் திறக்கும் வேதிப்பொருளை உண்டாக்குகிறது. கால்சியம் பாய்ந்ததும் முட்டையின் உறை இறுகி, வேறு விந்து நுழையாதபடி தடுக்கிறது. பிறகு செல் பிரியத் தொடங்குகிறது. பாலூட்டிகளில் இந்த அலை ஒரு முறையோடு நிற்பதில்லை. சில மணி நேரம் விட்டு விட்டு எழுகிறது. அப்புரதத்தை 2002இல் பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். குழந்தையில்லாத வீடுகளில் மலடி என்ற சொல்லைச் சுமந்தவர்கள் பெண்களே. கோயில் கோயிலாகச் சுற்றியவளும் அவளே. ஆனால் சில ஆண்களின் விந்தில் இப்புரதம் குறைவாகவோ பழுதாகவோ இருக்கும். அப்போது நல்ல முட்டையும் விழிக்காது. விந்தை ஊசியால் முட்டைக்குள் செலுத்தினாலும் பலனிருக்காது. இத்தகையவர்களுக்கு, முட்டைக்குள் கால்சியத்தை உயர்த்தும் மருந்தைச் சேர்த்துச் சிகிச்சை செய்கிறார்கள். பத்தாயோனின் ஊசி செய்த வேலையைத்தான் இன்று இம்மருந்து செய்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டில் பிள்ளை தாமதமானால் மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். மகனையும் உடன் அனுப்புங்கள்.