புதுப்பித்த பிறகு எழாத லினக்ஸ் கணினி: கோப்புகள் அழிந்துவிடவில்லை

தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ, தோட்டத்து வீட்டிலோ, பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுக்க லினக்ஸ் போடுவோர் உண்டு. ஒரு நாள் புதுப்பிப்பு முடிந்து மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையும் ‘கெர்னல் பேனிக்’ என்ற வரியும்தான் வரும். உடனே கடைக்குத் தூக்கிப்போய் ‘ஃபார்மட்’ செய்யச் சொல்வதுதான் பெரிய இழப்பு. பிள்ளையின் பாடங்களும் குடும்பப் படங்களும் ‘ஹோம்’ கோப்புறையில் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது முதல் வட்டு நிரம்பியதால் கோப்புகள் ‘யூஎஸ்ஆர்’ என்ற இரண்டாம் வட்டுக்கும் பரவின. நூலகக் கோப்புகளுக்கு ‘லிப்’, ‘யூஎஸ்ஆர்/லிப்’ என இரண்டு இடங்கள் நிலைத்துவிட்டன. இவற்றை ஒன்றாக்கும் வேலையை ஃபெடோரா 17, 2012 மே மாதத்தில் செய்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அதைக் கட்டாயமாக்கியது.

தோட்டத்துப் பழைய ஸ்டோரைக் காலி செய்து, பொருளையெல்லாம் புது ஸ்டோருக்கு மாற்றி, பழைய கதவில் ‘அங்கே போ’ என்று பலகை மாட்டுவது போன்றது இது. பழைய ஸ்டோரில் ஒரு மண்வெட்டி மிஞ்சினாலும் பலகை மாட்ட முடியாது.

2012 ஜூலையில் ஆர்ச் லினக்ஸில் நடந்தது அதுதான். ‘ஜிலிப்சி’ நூலகத்தின் புதுப்பிப்பு ‘லிப்’பை வெறும் இணைப்பாக மாற்ற வந்தது. அங்கே வேறு கோப்புகள் கிடந்ததால் ‘பேக்மேன்’ மறுத்தது. ‘ஃபோர்ஸ்’ போட வேண்டாம் என்று ஆர்ச் குழு முன்பே எச்சரித்திருந்தது. போட்டவர்களின் கணினிகள் விழுந்தன. ஏறக்குறைய எல்லா நிரலும் முதலில் தேடுவது ஒரு நிலையான முகவரியிலுள்ள ஏற்றியை. அந்த முகவரி போனால் ‘கோப்பு இல்லை’ என்பார்கள். உண்மையில் நிரல் இருக்கிறது, ஏற்றிதான் இல்லை. கணினியை எழுப்பும் முதல் நிரலுக்கும் அதே கதி.

இன்னும் அணைக்காத கணினி என்றால் அணைக்கவே கூடாது. திறந்திருக்கும் முனையத்தில், ஏற்றியை அதன் புது இடத்தின் முழு முகவரியோடு அழைத்து இணைப்பை மீண்டும் உருவாக்கலாம்.

அணைந்துவிட்டதா? வேறொரு கணினியில் லினக்ஸ் ஏற்றிய விரலியைத் தயாரித்து, அதன்வழி துவக்க வேண்டும். முதல் வேலை, ‘ஹோம்’ கோப்புறையை வெளி வட்டுக்குப் படியெடுப்பது. பிறகு ‘லிப்’ உண்மையான கோப்புறையா, இணைப்பா என்று பார்க்க வேண்டும். கோப்புறை என்றால் மிஞ்சியவற்றை ‘யூஎஸ்ஆர்/லிப்’புக்கு நகர்த்தி, காலியானதை நீக்கி, இணைப்பைப் போட வேண்டும். அதே பெயரில் புதிய கோப்பு அங்கே இருந்தால் பழையதை அதன்மேல் எழுதக் கூடாது; இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைசியாக, பாதியில் நின்ற புதுப்பிப்பை முடிக்க வேண்டும்.

மின்தடை வரும் மழை நாளில், மின்கலம் செத்த மடிக்கணினியில் புதுப்பிப்பைத் தொடங்காமல் இருப்பது நல்லது. கோப்பு நகரும் நேரத்தில் மின்சாரம் போனாலும் விளைவு இதேதான்.