கபிலர்: நாடகம் எழுதாத துன்பியல் கவிஞர்

துன்பியல் நாடகம் என்றாலே பலருக்கும் கிரேக்கமும் ரோமும்தான் நினைவுக்கு வரும். லத்தீன் மொழியில் மெடியா, ஃபீட்ரா முதலிய நாடகங்களை எழுதிய செனகா, தன் மாணவனான நீரோ மன்னனின் கட்டளைப்படி கி.பி. 65-ல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அவர் எழுதியதும் துயரம், அவர் முடிவும் துயரம். தமிழில் அப்படி ஒருவர் உண்டா என்று தேடினால், கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் ஒரு பாறை பதில் சொல்கிறது. அதன் பெயர் கபிலர் குன்று.

புலவர்

சங்கப் புலவர்களில் மிக அதிகமான பாடல்களைப் பாடியவர் கபிலர். அவர் பெயரில் 200-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஐங்குறுநூற்றில் குறிஞ்சி பற்றிய 100 பாடல்கள், பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து, பத்துப்பாட்டில் 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கவே குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. மலை, தினைப்புனம், அருவி, சுனை என்று அவர் பாடிய குறிஞ்சி நிலத்துக்கு இந்த மாவட்டத்தில் சான்று வேண்டுமானால் மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்தால் போதும்.

அகப்பாடல்களில் கவிஞர் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன் என்று பாத்திரங்களே பேசுகின்றன. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததே அகப்பாடல் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. ஆனால் கபிலரின் உண்மையான துன்பியல் நாடகம் புறநானூற்றில்தான் இருக்கிறது. அதில் பாத்திரமும் அவரே.

பாரி

பறம்பு மலையை ஆண்ட வேள் பாரி கபிலரின் உயிர் நண்பன். (சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பறம்பு என்பர்.) மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களிடமே பேசுகிறார். உழவர் உழாமலே மூங்கில்நெல்லும் பலாவும் கிழங்கும் தேனும் தரும் இந்த மலையை வாளால் வெல்ல முடியாது, பாணராக ஆடிப் பாடி வந்தால் பாரி தானே கொடுத்துவிடுவான் என்கிறார். இன்னொரு பாடலில், பறம்பின் 300 ஊர்களும் பரிசிலர்க்கே போய்விட்டன, இனி இருப்பது நானும் பாரியும் இந்த மலையும்தான் என்கிறார்.

இந்தத் துணிவு நிலைக்கவில்லை. பாரி இறந்தான், பறம்பு பறிபோனது. பாரியின் பெண்களை அழைத்துக்கொண்டு, மலையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணீருடன் கபிலர் புறப்பட்டார்.

நண்பனின் மகளிர்

இதற்குப் பிறகு கபிலர் பொன்னும் பொருளும் வேண்டிப் பாடிய புலவர் மட்டும் அல்ல. நண்பனின் மகள்களுக்கு மணமகன் தேடும் பொறுப்பும் அவருடையதாகிறது. முதலில் விச்சிக்கோவிடம் சென்றார். பயனில்லை. அடுத்து இருங்கோவேளிடம் சென்று, இவர்கள் பாரியின் மகளிர், நான் தருகிறேன், ஏற்றுக்கொள் என்றார். அவனும் மறுத்தான். உன் முன்னோன் ஒருவன் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்ததால்தான் அரையம் என்ற பெருநகர் அழிந்தது என்று கபிலர் அவனுக்கு நினைவூட்டினார்.

நினைத்துப் பாருங்கள். சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணமும், ஒரு குன்றின் மேலேறிக் கண்ணுக்கெட்டிய நாடும் பரிசளித்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். அவ்வளவு மதிப்புள்ள சொல்லால் இரண்டு பெண்களுக்கு ஒரு வீட்டைப் பெற்றுத்தர முடியவில்லை.

இரண்டு முடிவுகள்

புறநானூற்றின் 236-ஆம் பாடல் இறந்த பாரியிடம் பேசுகிறது. உன்னோடு என்னையும் வரவிடாமல் நிறுத்திவிட்டாயே, மறுபிறப்பிலாவது நாம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பாரியின் மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பாடியது இது என்கிறது பாடலின் அடிக்குறிப்பு.

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராச சோழன் (985–1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று வேறுவிதமாகச் சொல்கிறது. பாரியின் மகளை மலையனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்தார் என்பது அதன் செய்தி. மலையன் என்பது கோவலூரை ஆண்ட மலையமான் குடியினரின் பெயர். அந்தக் குடியில் வந்த திருமுடிக்காரியைக் கபிலரே பாடியிருக்கிறார். கள் மயக்கத்தில் தேரைக் கொடுப்பது யார்க்கும் எளிது, காரியோ தெளிவோடு கொடுப்பவன் என்பது அவர் பாராட்டு.

ஒரு குறிப்பில் பட்டினி, மற்றொன்றில் தீ. ஒன்றில் பார்ப்பார் வீடு, மற்றொன்றில் மலையன் வீடு. கல்வெட்டு பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும் அதிலிருந்து ஒன்று தெரிகிறது. அந்தப் பெண்களைத் துணையின்றி விட்டுக் கபிலர் இறந்தார் என்று நினைக்க இந்த ஊர் மக்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் அரசனே ஏற்றுக்கொண்டான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகும் இடமும் உண்டு. நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமையை முடிக்கும்வரை கபிலர் சாகவில்லை. முடித்தபின் வாழவும் இல்லை. செனகா அரசன் ஆணைக்காக இறந்தார். கபிலருக்கு அப்படி ஆணையிட்டவர் யாரும் இல்லை.