நிழல்கள் (1980): மணிவண்ணன் எழுதித் தோற்ற முதல் படம்

நிழல்கள் 1980ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திரைப்படம். பாரதிராஜா இயக்கிய இப்படத்துக்கு இளையராஜா இசையமைத்தார். கோயம்புத்தூர் மாவட்டம் சூலூரைச் சேர்ந்த மணிவண்ணன் (1954–2013) எழுத்தாளராக அறிமுகமான படம் இதுவே. பின்னாளில் ஐம்பது படங்களை இயக்கிய அவரது திரைவாழ்வு ஒரு தோல்விப் படத்தில் தொடங்கியது. இன்று நிழல்கள் பாடல்களுக்காக மட்டுமே நினைக்கப்படுவதால், அதன் கதையை எழுதியவர் யார் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

கோவை ஒரு காலத்தில் தானே ஒரு திரைப்பட நகரமாக இருந்தது. 1930களில் தொடங்கப்பட்ட சென்ட்ரல் ஸ்டுடியோவும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் அங்கே இயங்கின. எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் தயாரிப்பு. மணிவண்ணன் கோவை அரசு கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் அந்தப் பெருமை பழங்கதை ஆகிவிட்டது. சினிமா என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்பதே நிலை. கல்லூரியில் அவருக்குக் கிடைத்த நண்பர் சத்யராஜ். ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) படத்தைப் பார்த்த மணிவண்ணன், பாரதிராஜாவுக்கு மிக நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். வழக்கமான ரசிகர் கடிதமாக அதை ஒதுக்காமல், எழுதியவரை அழைத்துத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார் பாரதிராஜா. ஏறத்தாழ 1979இல், ‘கல்லுக்குள் ஈரம்’ தயாரான வேளையில் இது நடந்தது.

அடுத்த படத்தின் கதையே அந்தப் புதியவருக்குக் கிடைத்தது. வேலை கிடைக்காத பட்டதாரி ஒருவனும், திரையிசையில் வாய்ப்புத் தேடும் கலைஞன் ஒருவனும் நகரத்தில் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். பட்டதாரி விரும்பும் பெண்ணையே இன்னொரு இளைஞனும் விரும்புகிறான். ரவி, சந்திரசேகர், ராஜசேகர், ரோகிணி ஆகியோர் நடித்தனர். பெரிய நட்சத்திரம் எவரும் இல்லை. துன்பத்தைத் துடைக்கும் திருப்பமும் இல்லை. கனவுகள் ஒவ்வொன்றாக உடைந்து படம் துயரத்தில் முடிகிறது. அன்றைய வணிகப்பட இலக்கணத்தில் இது துணிச்சலான சோதனைதான்.

1980 நவம்பர் 6 அன்று, தீபாவளி வெளியீடாகப் படம் திரைக்கு வந்தது. அதே நாளில் கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படமும் வெளியானது. அதுவும் வேலையில்லாத இளைஞர்களின் கதை, டெல்லியில் நடப்பது. அதில் கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் இருந்தார்கள். அந்தப் படம் வெற்றி பெற்றது, நிழல்கள் ஓடவில்லை.

கிராமத்துப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் நகரத்துக்கு வந்ததால்தான் தோற்றார் என்று சொல்வதுண்டு. இது சரியான காரணமாகத் தோன்றவில்லை. அதற்கு முன்பே அவர் எடுத்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) முழுக்க நகரப் படம். அது நன்றாகவே ஓடியது. பாலசந்தரின் இளைஞர்கள் பசியிலும் சிரிக்கிறார்கள், வீம்பு பேசுகிறார்கள், கடைசியில் நாயகன் ஒரு தொழிலைப் பற்றிக்கொள்கிறான். நிழல்கள் பார்வையாளருக்கு அந்த மூச்சுவிடும் இடத்தைக் கொடுக்கவில்லை. எழுதியவரின் கோபம் உண்மையானது. ஆனால் அது ஒரே சுருதியில் ஒலித்தது. பண்டிகை நாளில் குடும்பத்தோடு திரையரங்குக்கு வந்தவர்களுக்கு அது பாரமாக இருந்ததில் வியப்பில்லை.

முதல் கதை தோற்றவரை மறுபடி அழைப்பது கோடம்பாக்கத்தில் எளிதில் நடக்கும் காரியமல்ல. பாரதிராஜா அழைத்தார். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தின் கதையும் மணிவண்ணனுடையதே. சமூகத்தின் மீதான கோபம் இதிலும் குறையவில்லை. காதலன் பூணூலையும் காதலி சிலுவையையும் கழற்றிவிட்டு மதத்தைத் துறக்கும் முடிவு, நிழல்கள் படத்தைவிடக் கடுமையானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இங்கே காதலர்கள் வாழ்கிறார்கள். கார்த்திக், ராதா ஆகியோரை அறிமுகப்படுத்திய அந்தப் படம் பெரும் வெற்றி பெற்றது.

1982இல் ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ மூலம் மணிவண்ணன் இயக்குநரானார். ‘நூறாவது நாள்’ (1984), ‘24 மணி நேரம்’ (1984) போன்ற திகில் படங்களில் கல்லூரி நண்பர் சத்யராஜை வில்லனாக்கினார். அவர்களின் கூட்டணியில் உச்சம் ‘அமைதிப்படை’ (1994). தேங்காய் பொறுக்கும் அம்மாவாசை நாகராஜ சோழனாகி ஆட்சி அதிகாரத்தைப் பிடிக்கும் கதையில், நிழல்களின் அதே கசப்பு இருக்கிறது. ஆனால் அது நக்கலாக மாறி வருகிறது. கோவைப் பக்கத்துப் பேச்சுக்கே உரிய அந்தக் குசும்பு, 1980இல் எழுதிய கதையில் அவருக்குக் கைகூடவில்லை.

படம் ஓடாவிட்டாலும் மற்றவர்களுக்கு அது வாசலாக அமைந்தது. ‘பொன்மாலைப் பொழுது’ பாடல் வைரமுத்துவைத் திரைக்கு அறிமுகப்படுத்தியது. ராஜசேகர் அடுத்த ஆண்டே ராபர்ட்டுடன் இணைந்து ‘பாலைவனச் சோலை’ படத்தை இயக்கினார். கோவைக்காரரான ரவி, ஓடாத அந்தப் படத்தின் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டு இன்றும் ‘நிழல்கள்’ ரவி என்றே அறியப்படுகிறார்.