அமிலத்தில் கரைந்த உலோகம்



ரப்பர்ப் பாலில் சிறிது ஆசிட் விட்டால் பால் உறைகிறது. நீர் தனியே பிரிகிறது. இது தோட்டத்தில் வாழும் நாம் அறிந்ததே. உலோகமோ ஆசிட்டில் கரைந்து, நீரோடு நீராகக் கலந்துவிடுகிறது. அதை மீட்பது எப்படி?

பொற்கொல்லர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும், பொன் கரையாது. வெள்ளி கரைந்த அமிலத்தில் செப்புத் தகட்டை இட்டால், வெள்ளி மீண்டும் படியும். ஆனால் முலாம் பூசும் ஆலைகளிலிருந்து துத்தநாகமும் நிக்கலும் கலந்த நீர் ஏராளமாக வெளியேறுகிறது. அதற்கு இந்தக் கைவேலை போதாது.

இனிச் சிங்கப்பூரைப் பார்ப்போம். தேக்காவை அடுத்து ஓடும் ரோச்சோர் கால்வாய், காலாங் வடிநிலத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் அங்கிருந்த நீர்நிலைகளில் நகரத்தின் கழிவெல்லாம் கலந்தது. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் இவற்றைத் தூய்மையாக்கப் பணித்தார். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983-இல் சிங்கப்பூர் ஆற்றின் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. 1987-இல் பணி நிறைவுற்றது. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அன்றைய சாக்கடை இன்று குடிநீர்த் தேக்கம்.

சாணமும் குப்பையும் மக்கிப்போகும். உலோகம் மக்காது, மீனிலும் மனிதர் உடலிலும் சேரும். ஆகவே அதை ஆலையிலேயே தடுக்க வேண்டும். சுண்ணாம்பு இட்டுப் படிய வைப்பது வழக்கமான முறை. ஆனால் சேறு மிஞ்சும். அதைப் புதைக்க இடம் வேண்டும். சிறிய தீவில் இடத்திற்கு எங்கே போவது?

1968-இல் அமெரிக்காவில் நார்மன் லீ என்ற அறிவியலார் திரவச் சவ்வுக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தை மீட்கும்போது மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயே சவ்வு. அதற்கு வெளியே உலோகம் கலந்த நீர். உள்ளே கடுமையான அமிலத் துளிகள். எண்ணெயில் கலந்துள்ள ஒரு மருந்து, தொங்கான் கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றியது போல, வெளியே உலோகத்தை ஏற்றி உள்ளே இறக்கும். பிறகு வெறுமையாகத் திரும்பி மீண்டும் ஏற்றும். இறுதியில் மின்சாரத்தால் எண்ணெயைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். 1980-களில் ஆஸ்திரியாவின் லென்சிங் நகரில், செயற்கைப் பட்டு ஆலையின் கழிவுநீரிலிருந்து இம்முறையில் துத்தநாகம் மீட்கப்பட்டது.

இம்முறையிலும் இடர் உண்டு. சவ்வு உடைந்தால் உலோகம் மீண்டும் நீரில் கலந்துவிடும். ஆகவே கவனமான கைகள் தேவை.

நேயர்களே, ஆலையின் கால்வாய் ஓடையில் கலக்கிறது. ஓடை ஆற்றில் கலக்கிறது. ஆற்றைத் துப்புரவு செய்யப் பத்தாண்டுகள் ஆயின. கழிவை ஆலை வாசலிலேயே தடுத்திருந்தால் அத்தனை உழைப்பு வேண்டியிருந்திருக்குமா? நம் பிள்ளைகளுடன் இதைப் பேசுவோம்.