மழைக்காலத் தேன்பெட்டியும் மெழுகு அந்துப்பூச்சியும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து

1. பஞ்சகாலம் எது?

உறைபனி நாடுகளில் குளிருக்கு முன் தேன்பெட்டிக்குப் போர்வை சுற்றுவார்கள். மதுரையின் காளவாசலிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் மார்கழிக் குளிரால் தேனீ சாவதில்லை. இங்கே சோதனைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. வேம்பும் புங்கும் கோடையிலேயே பூத்து ஓய்ந்துவிடும். அடைமழையில் தேனீயால் வெளியே போகவும் முடியாது. மதுரை மல்லியோ மொட்டிலேயே பறிபட்டுச் சந்தைக்குப் போய்விடும். பெட்டிக்கு அதனால் பயனில்லை.

2. மெழுகு அந்துப்பூச்சி

மெழுகு அந்துப்பூச்சியை முதல் எதிரி என்பார்கள். பசியால் கூட்டம் சுருங்கிய பிறகே இது வெல்கிறது என்பது என் கருத்து. நம் அடுக்குத் தேனீயின் இரண்டு பழக்கங்கள் இதற்கு வழிவிடுகின்றன. மேலைத் தேனீ மரப்பிசின் கொண்டு இடுக்குகளை அடைக்கும், நம்முடையது அடைப்பதில்லை. பழைய கறுத்த அடையைக் கடித்துக் கடித்து அடிப்பலகையில் உதிர்த்தும் விடும். இரவில் வரும் அந்து இடுக்கில் முட்டையிட, புழு அந்த மெழுகுத் தூளில் வளர்ந்து அடைக்குள் ஏறுகிறது.

சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அறைகளின் நடுவே வெள்ளை நூலாம்படை சுரங்கம் போல ஓடும். அதில் கறுப்பு எச்சம் மணிமணியாய் ஒட்டியிருக்கும். இந்நிலைக்கு வந்த பெட்டியை விட்டுக் கூட்டம் பறந்துவிடுவதே வழக்கம்.

3. பிற பகைகள்

தென்னிந்தியாவை 1991-92இல் உலுக்கிய தாய் சாக்புரூட் வைரஸ் நோயில் தேனீப் புழு நீர் நிறைந்த பையாகிச் சாகும். அதற்கு மருந்து இல்லை. தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து பெருக்குவதே வழி. மேலைத் தேனீயை அழிக்கும் வரோவா உண்ணியை நம் தேனீ தானே கடித்து நீக்கிக்கொள்கிறது. எறும்புக்குப் பெட்டித் தாங்கியின் கால்களில் நீர்க்கிண்ணம் போதும்.

4. ஆயத்தம்

புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும். தேன் முழுவதையும் எடுத்துவிடாமல் கூட்டத்துக்கென்று விட்டுவைப்பது முதற்கடமை. காலியான மேல் தேன் அறையைக் கழற்றுங்கள். தேனீக்கள் மூடியிராத அடைகளை எடுத்துவிட்டால் சிறு கூட்டமும் மிஞ்சியதைக் காக்கும். எடுத்த நல்ல அடைகளைக் கந்தகப் புகையிட்டு மூடிவைக்கலாம், கறுத்தவற்றை உருக்கிவிடலாம். இடுக்குகளை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, வாசலைக் குறுக்கி, நீர் தேங்காதபடி பெட்டியைச் சற்று முன்சாய்த்து வைக்க வேண்டும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

விட்டுவைத்த தேன் போதாவிட்டால், சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகை இருட்டிய பின்பே வையுங்கள். பகலில் வைத்தால் வாசனை பிடித்து அயல் கூட்டம் கொள்ளையடிக்க வரும். கிண்ணத்தில் சில குச்சிகளை மிதக்கவிட்டால் தேனீக்கள் அவற்றின்மேல் நின்று மூழ்காமல் குடிக்கும்.